பேர் வெட்டின கிதார்

தரணி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. எரிந்தது என்றால் எரிந்தது. அவன் அடித்திருந்த சென்ட்டுக்காக இல்லை, காரிலிருந்து இறக்கிய நாலு சூட்கேஸுக்காகவும் இல்லை. டிரைவரைத் தொடவிடாமல் ஒரு கறுப்புப் பெட்டியை அவனே கையில் பிடித்துக்கொண்டு இறங்கினானே, அதற்காக. கிதார் பெட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த அகலத்தில் ஒரு கிதார் பெட்டியை நான் பார்த்ததே கிடையாது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், மே மாதம். அவன் தங்கை சுமித்ராவுக்குத் திருப்பதியில் கல்யாணம். அதற்காக மூன்று வாரம் லீவு போட்டு வந்திருந்தான். ஆந்திராவில், சித்தூருக்குப் பக்கத்துப் பங்காருபாளையத்தை ஒட்டிய எங்கள் காலனியில் முதன்முதலாக விமானம் ஏறினவன் அவன்தான். காலனி முழுக்க அவன் வீட்டு வாசலில் நின்றது. நானும் நின்றேன். போகாமல் இருக்க முடியுமா? அவன் என் மச்சான். அவன் அம்மா கங்கம்மா எனக்கு அத்தை முறை.

பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தான். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் படுத்திருந்தது அது. கிதார் என்றால் இடுப்பு என்று ஒன்று இருக்கும், வயிறு என்று ஒன்று இருக்கும். இதற்கு இரண்டும் இல்லை. மேலே ஒரு றெக்கை நீளமாக, கீழே இரண்டு றெக்கை கூராக, நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு பள்ளம். பால் வெள்ளை. ஓரத்தில் மட்டும் கருநீலக் கோடு. தலைப்பக்கத்தில் பொன் நிறத்தில் யாரோ கிறுக்கின கையெழுத்து.

"இன்னாடா இது, கோடாலியா?" என்றார் பக்கத்து வீட்டு சின்னசாமி.

"கிதார் மாமா. அமெரிக்கால பெரிய கிதாரிஸ்ட் ஒருத்தரு. அவரே வரைஞ்சு குடுத்த டிசைனு. அதான் அவரு கையெழுத்து கீது. மொத்தமே எரநூறுதான் செஞ்சாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் புரியும் என்கிற மாதிரி சொன்னான். "இதுல ஒரு கீறல் வுழுந்தா போதும் மச்சான், மதிப்பெல்லாம் கோவிந்தா."

அதை நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பேர் கன்னையா. பகலில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் லாரி எடை பார்க்கிற வேலை. மற்றபடி அண்ணாதுரை ஆர்க்கெஸ்ட்ராவில் லீட் கிதார். பதினைந்து வருஷமாக. சித்தூரிலிருந்து தடா வரைக்கும் என் வாசிப்பைக் கேட்காத கல்யாண மண்டபம் கிடையாது. மேடைக்கு நடுவில், பாடகருக்கு வலது பக்கம், ஒரு நாற்காலி. அது என் நாற்காலி. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் ட்ரம்ஸ் பையனே எழுப்பிவிடுவான். எனக்கு வேறு சொத்து இல்லை. அந்த இடம்தான்.

தரணி? திருப்பதியில் கல்லூரி படிக்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிதார். ஹாஸ்டல் மொட்டை மாடியில் மாற்றி மாற்றி வாசிப்போம். எனக்குக் கை ஓடும். அவனுக்கு ஓடாது. எல்லாக் கம்பியையும் ஒரே விரலால் அழுத்துகிற எஃப் கார்டைப் பிடிக்கச் சொன்னால் கடைசிக் கம்பி செத்த சத்தம் போடும். ஆர்க்கெஸ்ட்ராவில் எனக்குப் பின்னால் நின்று கொஞ்ச நாள் ரிதம் வாசித்தான். தொண்ணூற்றெட்டில் ஹைதராபாத்துக்குப் போய் அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தான். "நீயும் வா மச்சான், ரெண்டு பேரா போலாம்" என்று என்னையும் கூப்பிட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாசிக்கத் தெரியாதவன் கம்ப்யூட்டர் கத்துக்கட்டும். எனக்கு இன்னாத்துக்கு?" என்றேன். வாய்க்கொழுப்பு. அடுத்த வருஷமே அவன் அமெரிக்கா. நான் அதே நாற்காலி.

அன்றைக்குக் கூடத்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் சொருகி வாசித்தும் காட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கை மாறவே இல்லை. அதே எஃப் கார்டு, அதே செத்த கம்பி. ஆனால் கிதார் இருக்கிறதே! அவன் தப்பாகத் தொட்டாலும் அது சரியாக அழுதது. இவ்வளவு நல்ல சாமான் இந்தக் கைக்கா? கடவுளே, உனக்குக் கண் இல்லையா என்று மனசுக்குள் கத்தினேன். காலனி ஜனங்களோ விசில் அடித்தார்கள்.

"நீ வாசி மச்சான். நீ வாசிச்சாத்தான் இதுக்கு மரியாத" என்று நீட்டினான்.

வாங்கினேன். வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். நழுவியது. இழுத்து வைத்தேன். மறுபடியும் நழுவியது. அந்த உருவத்துக்கு மடியில் நிற்க இடமே இல்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. என் மனைவி சிவசங்கரி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"இத நின்னுக்கினுதான் வாசிக்கணும்" என்றான் தரணி, அவனும் சிரித்தபடி.

"கை வலிக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு கம்பியைக்கூடத் தட்டவில்லை.

இது போதாதென்று மறுநாள் காலையில் அண்ணாதுரை வந்தார். சுமித்ராவின் ரிசப்ஷனுக்கு எங்கள் ஆர்க்கெஸ்ட்ராதான். "கன்னையா, தப்பா நெனச்சிக்காத. அன்னிக்கி தரணி அந்தக் கிதார வச்சிக்கினு நடுவுல நிக்கட்டும். ஜனம் அதப் பாக்கத்தான் வரும். நீ ஓரமா ஒக்காந்து ரிதம் புடி."

"அவனுக்கு வாசிக்கத் தெரியாது."

"எவன்யா வாசிப்பக் கேக்கறான்? எல்லாரும் பாக்கறான்" என்றார்.

பதினைந்து வருஷம். ஒரே வாக்கியத்தில் ஓரமா ஒக்காரு. அந்தக் கோபத்தோடுதான் டீக்கடைக்குப் போனேன். அங்கேயும் அதே பேச்சுதான். அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒருத்தன் கேட்டான். நான் டீயை ஊதிக்கொண்டே சொன்னேன். "அடுத்தவன் பேர் போட்ட சாமான் நம்ப வூட்ல இருந்தா அது இன்னா சாமான்னு உங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இங்கே குண்டான் வாங்கினாலும் கரண்டி வாங்கினாலும் கடையிலேயே பேர் வெட்டித்தான் எடுத்து வருவோம். ஒரு வீட்டுச் சொம்பில் இன்னொரு வீட்டுப் பேர் இருந்தால், ஒன்று கல்யாண வீட்டில் இரவல் வாங்கித் திருப்பாதது, இல்லை அடித்துக்கொண்டு வந்தது. கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு, அமெரிக்காவில் எவனோ பேர் போட்டு வைத்திருந்ததைத் தரணி அடித்துக்கொண்டு வந்துவிட்டான் என்று ஆகிவிட்டது.

நான் தமாஷுக்குச் சொன்னேன் என்று இப்போது சொன்னால் அது பச்சைப் பொய். அந்த வார்த்தை எந்த வீட்டில் போய் விழும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் மூன்றாவது படிக்கும்போது கங்கம்மா அத்தை ஊர்ப் பெரிய வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பித்தளை அண்டா காணாமல் போனது. நிலம் இல்லாத வீடு, காலனி வீடு, வேறு எங்கே தேடுவார்கள்? அத்தையின் குடிசையைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினார்கள். நாலு நாள் கழித்து அண்டா அவர்கள் கிணற்றிலேயே கிடந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து அத்தை பேர் வெட்டாமல் ஒரு சாமானும் வீட்டுக்குள் சேர்க்காது. பிளாஸ்டிக் பக்கெட்டில்கூட ஆணியைச் சுட்டுப் பேர் எழுதி வைத்திருக்கும். இதெல்லாம் தெரிந்துதான் பேசினேன்.

மூன்றாம் நாள் தரணி மண்டபத்து வேலையாகத் திருப்பதிக்குப் போயிருந்தான். பத்து மணி இருக்கும். அத்தை என் வாசலில் வந்து நின்றது. இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அந்தக் கறுப்புப் பெட்டி.

"கன்னையா, வண்டிய எடு. சித்தூருக்குப் போவணும்."

"இன்னாத்துக்கு அத்த?"

"பாத்திரக் கடைக்கு. இதுல பேர் வெட்டணும்."

"இதுலயா?"

"ஆமா. எவனோ கட்டையில போறவன் என் புள்ளய திருடன்னு சொல்லிக் கீறான். அமெரிக்காவுக்குப் போயும் அந்தப் பேச்சு வுடல பாரு. அவன் நாக்கு அழுவிப் போவ." கண்ணில் தண்ணீர் நின்றது அத்தைக்கு. "பேர வெட்டிட்டா எவன் இன்னா பேசுவான்?"

தரணியிடம் கேட்டாயா என்று நான் கேட்டிருக்கலாம். வேண்டாம் அத்தை, இது குண்டான் இல்லை, ஊசி பட்டால் நாசமாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அந்தக் கீறல் பேச்சு புரிந்த ஒரே ஆள் காலனியில் நான்தான். சொன்னேனா? இல்லை. மொபெட்டை எடுத்தேன். சரி, நாசமாகட்டும் என்று நினைத்தேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் மாங்காய் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அத்தை பின்னால் பெட்டியை மடியில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு லாரிக்கும் "மெதுவா போ நைனா, மெதுவா போ நைனா" என்றது. எனக்கு உள்ளுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் சித்தூர் ரோட்டில் வண்டி ஓட்டினதே இல்லை.

பஜார் தெருவில் பழனியின் பாத்திரக் கடை. பழனி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஏமம்மா இது? மரமா? மேல பெயிண்ட் வேற கீது. என் மிஷினு எவர்சில்வருக்கும் பித்தளைக்கும்தாம்மா."

"வெட்டினா வெட்டாதா?"

"வெட்டும். பெயிண்ட் தெறிக்கும்." பழனிக்கு என்னைத் தெரியும். அவன் தங்கை கல்யாணத்தில் வாசித்திருக்கிறேன். என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணா, நீங்க வாசிக்கறவரு. சொல்லுங்க, வெட்டலாமா?"

அத்தையும் என் முகத்தைப் பார்த்தது. நான் சொல்வதுதான் அதற்கு வேதவாக்கு, கிதார் விஷயம் ஆயிற்றே.

"வெட்டலாம்" என்றேன்.

"தமிழ்லயா தெலுங்குலயா?"

"தெலுங்குல வெட்டுபா" என்றது அத்தை. "ஊரு எதுல வேணா பேசும். போலீசு தெலுங்குலதான் படிப்பான்."

அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. முகத்தில் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். "சோடா குடிச்சிட்டு வரேன் அத்த" என்று பக்கத்துக் கடைக்கு நழுவினேன். பன்னீர் சோடா வாங்கிக்கொண்டு நின்றேன். மிஷின் ஆரம்பித்தது. எவர்சில்வரில் அது சிணுங்கும். இதில் நறநறவென்று கேட்டது. ஒவ்வொரு நறநறப்புக்கும் ஒரு மடக்கு குடித்தேன். போ, இருநூறில் ஒன்று போ. வெள்ளைக்காரன் டிசைனு போ. நடு மேடை போ. இதோடு தரணி அதை ஒரு சபையில் தூக்க மாட்டான், என் நாற்காலி என்னிடம் வந்துவிடும். சோடா தீர்ந்தது. மிஷினும் நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பழனி துணியால் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேல் றெக்கையில், பால் வெள்ளையில், ஒரு சாண் நீளத்துக்குப் பெரிய பெரிய எழுத்து. சுற்றிலும் பெயிண்ட் செதில் செதிலாகத் தெறித்து உள்ளே மரம் தெரிந்தது. படித்தேன். மறுபடியும் படித்தேன். தரணி என்று இல்லை. கன்னையா என்று இருந்தது. கீழே சின்னதாக எங்கள் ஊர்ப் பேர்.

"அத்த," என்றேன். "இது என் பேரு."

"ஆமா. உன்துதானே?" அத்தை ரகசியம் பேசுகிற மாதிரி என் கையைப் பிடித்தது. "சொல்லக்கூடாதுன்னான், சொல்லிடறேன். உனக்குத்தான் வாங்கியாந்தான். 'எனக்கு வாசிக்க வராதும்மா, கன்னையா கையில இருந்தாத்தான் அது கிதாரு'ன்னு சொன்னான். ரிசப்ஷன் மேடையில எல்லாரும் பாக்கக் குடுக்கணுமாம். நான்தான் யோசிச்சேன். என் புள்ள மூணு வாரத்துல ஏரோப்ளேன் ஏறிடுவான். அப்புறம் இது உன் வூட்டுலதானே கெடக்கும்? எவனோ பேர் போட்ட சாமான்னு நாளைக்கு உன்னத் திருடன்னுவாங்க. எனக்கு ஆன மாதிரி உனக்கு ஆவக்கூடாது நைனா."

குடித்த சோடா தொண்டைக்கு வந்தது. நான்தான் அத்தை சொன்னேன், அந்த நாக்கு அழுகிப் போகிறவன் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பழனி "ஏமண்ணா, பாகுந்தா?" என்று கேட்டான். நல்லா இருக்கிறது என்று தலையாட்டினேன். திரும்பி வரும்போது அத்தை "மெதுவா போ நைனா" என்று சொல்லவே இல்லை. அவ்வளவு மெதுவாக ஓட்டினேன்.

ரிசப்ஷன் வரைக்கும் பெட்டியைத் திறக்க விடாமல் அத்தையே வைத்துக்கொண்டது. நான் மூன்று தடவை தரணியிடம் சொல்லப் போனேன். மூன்று தடவையும் கல்யாண வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

திருப்பதி மண்டபத்தில் சாயங்காலம் ஏழு மணி. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று. தரணி மேடைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்தான். நானும் அத்தையும் பக்கத்தில். திறந்தவன் அப்படியே நின்றான். விரலால் அந்த எழுத்தைத் தடவினான். ஒரு செதில் உதிர்ந்து வெல்வெட்டில் விழுந்தது.

"நல்லா கீதா?" என்றது அத்தை, பட்டுப் புடவையும் பூவுமாக. "நம்ப பழனி கடைதான்."

அவன் அந்தச் செதிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். "சூப்பரா கீதும்மா" என்றான். "எனக்கே தோணல பாரு." அத்தை முகமெல்லாம் சிரிப்பாக முன்வரிசைக்குப் போனது.

பிறகு என்னைப் பார்த்தான். "நீதான் கூட்டிக்கினு போனியா?"

"ஆமா."

"கடையில கேட்டிருப்பானே, வெட்டலாமான்னு."

"கேட்டான். வெட்டலாம்னு நான்தான் சொன்னேன்." எப்படியோ வாய் திறந்துகொண்டது. "டீக்கடையில பேசினதும் நான்தான் தரணி."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினான். கிதாரை எடுத்து, வாரை என் தோளில் மாட்டி, நீளம் சரி செய்தான். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். "போ. நின்னு வாசி."

"நீ?"

"உன்து எங்க? குடு." என் பழைய சிவப்புக் கிதாரை வாங்கிக்கொண்டு போய் மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அண்ணாதுரை ஏதோ சொல்ல வந்தார். அவன் கையை அசைத்து நிறுத்தினான்.

வாசித்தேன். பதினைந்து வருஷத்தில் அப்படி வாசித்ததில்லை. அதில் சந்தேகமே வேண்டாம். ஜனம் எழுந்து நின்றது. ஊர்க்காரர்கள் கிதாரில் இருந்த பேரைப் படித்து ஒருத்தருக்கொருத்தர் காட்டினார்கள். முன்வரிசையில் அத்தை, பார்த்தாயா என்கிற மாதிரி எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. உடைந்த பெயிண்ட் ஒவ்வொரு அடிக்கும் என் முழங்கையை அறுத்துக்கொண்டே இருந்தது. நடு மேடை என்னுடையது, கிதார் என்னுடையது, கைதட்டல் என்னுடையது. ஆனாலும் வயிறு எரிந்தது. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, எஃப் கார்டைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தானே தரணி, அவனைப் பார்த்துத்தான் எரிந்தது.